தண்டு தெரியாத படம்

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

பாகூரிலிருந்து அப்பா ஆதிமூலம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கனடாவின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ எனக்கும் ராஜாமணிக்கும் ஒரு தீங்கு செய்தாய். போன மாசி மகத்தில் நாங்கள் பெருமாளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனதை உன் போனில் எடுத்துப் போனாய், அங்கே அதைப் படமாகச் செய்தபோது சாமியை எடுத்துவிட்டாய், சாமியைத் தாங்கும் தண்டையும் எடுத்துவிட்டாய், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் அவன் கையிலிருந்த துண்டையும் மட்டும் வைத்தாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது உனக்கே தெரியும், நீ பக்கத்தில்தான் நின்றாய். முன் தண்டில் அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். உயரம் ஒத்துப்போகிறவர்களைத்தான் ஒரு தண்டில் சேர்ப்பார்கள், மீசை முளைத்த காலத்தில் எங்களைச் சேர்த்தார்கள், அதிலிருந்து மாற்றவில்லை. ஒரு கை தண்டில் இருக்கும், இன்னொரு கை பக்கத்தில் இருப்பவன் முதுகைச் சுற்றி இருக்கும், அப்படிப் பிடித்தால்தான் அடி ஒன்றாக விழும். ஒருவன் கண்ணில் வேர்வை இறங்கினால் அவன் தண்டை விடக் கூடாது, கண் தெரியாதவன் கையை எடுத்தால் சாமி சாய்ந்துவிடும். அவன் இறுக்கிப் பிடித்துக்கொள்வான், மற்றவன் ஒரு கையை எடுத்துத் துடைத்துவிடுவான். எனக்கு வேர்வை இறங்கியது, ராஜாமணி துடைத்தான். அவ்வளவுதான் நடந்தது. அவன் கையை எடுத்த நேரத்தில் அவன் பங்கு பாரமும் என் தோளில் இருந்தது, அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் படத்தில் அந்தத் துண்டு என் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கவே ஒரு யுகம் ஆகிறது, பின்னால் ஒரு பிடில் அழுகிறது. அங்கே ஒரு சபையில் படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்து இவர்கள் இரண்டு பேரும் காதலர்களா என்று கேட்டாராம். அவங்கவங்க பாக்கிற மாதிரி எடுத்துக்கலாம்னு சொன்னேம்பா, எல்லாரும் கை தட்டினாங்க என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். படத்தை எப்படி வேண்டுமானாலும் எடுத்துவிட்டுப் போ. ஆனால் வாயைத் திறந்து ஒருவர் கேட்டபோது அங்கே ஒரு தண்டு இருந்தது என்று ஏன் சொல்லவில்லை.

நீ அதை யூடியூபில் போட்ட பிறகு இங்கே எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் இன்னா பெரியப்பா, ஹீரோ மட்டும் வந்துகீறீங்க, ஹீரோயின் வூட்டுலயா என்கிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறேன், எனக்கு அதில் கோபம் வருவது நின்றுவிட்டது. இதே ஆட்கள்தான் கொட்டகையில் நாயகனும் அவன் சிநேகிதனும் கட்டிப்பிடித்து அழும்போது மூக்கைச் சிந்தினவர்கள். சிநேகிதன் மடியில் தலை வைத்து நாயகன் சாகிறான், ஒருத்தனும் சிரிப்பதில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். சாகாமல் பிழைத்தால் அடுத்த காட்சியில் பாட்டுப் பாட ஒரு கதாநாயகி வந்துவிடுவாள், அதனால் யாருக்கும் கேள்வி இல்லை. உன் படத்தில் உன் அம்மா இல்லை, ராஜாமணி சம்சாரமும் இல்லை, வெறும் இரண்டு கிழவர்கள் இருக்கிறோம். அங்கே கை தட்டினவர்களும் இங்கே சிரிக்கிறவர்களும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். கை தட்டினவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் தப்பாக எடுத்துக்கொண்டேன், பழைய காலத்து ஆள் என்று நீ நினைப்பாய். நான் மூன்றாவதோடு நின்றவன், பொட்டலம் கட்டி வந்த பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் இந்த அளவுக்கு வந்தேன். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்கிறவர்கள் உலகத்தில் உண்டு என்று எனக்குத் தெரியும். அவர்களை நான் ஒரு சொல் குறைவாகச் சொல்லமாட்டேன், அவர்கள் கதையை அவர்களைக் கேட்டு எடு. எனக்கும் ராஜாமணிக்கும் இருப்பது என்ன என்று நீ கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதால் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை.

ராஜாமணி நம் வீட்டுக்கு வந்துதான் அந்தப் படத்தைப் பார்த்தான். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தான், முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னான். இன்னாடா தண்டையே காணோம், சாமி எங்கடா போச்சி என்று கேட்டான். பிறகு இம்மா நேரமாடா தொடச்சேன் என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். உன் அம்மாவும் பார்த்தாள். உங்க மொகம் இம்மா சாந்தமா இருந்து நான் ஒரு நாளும் பாத்ததில்ல என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ராஜாமணி மகன் மணிவண்ணன் திருபுவனைக் கம்பெனிக்குப் பஸ்ஸில் போகிறவன், பஸ்ஸில் ஏறினாலே உங்கப்பன் படம் பார்ட் டூ எப்படா என்று கேட்கிறார்களாம். அவன் வீட்டில் வந்து தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறான். ராஜாமணி வாய்க்கால் ஓரம் என்னைப் பார்த்து, பையன் சோறு துன்னாம போறான்டா, கொஞ்ச நாளைக்கு வாணாம் என்றான். சரி என்றேன். என் மொபெட்டில் அவன் உட்காரும் பின் சீட்டில் இப்போது உரமூட்டை மட்டும் வருகிறது. உரம் வாங்கத் தவளக்குப்பம் போனபோது அவன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான், நான் நிறுத்தவில்லை, அவனும் கை காட்டவில்லை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து உரத்தை இறக்கி வைத்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், சாப்பிட்டேன்.

தையில் பெண்ணையாற்றுத் திருவிழாவுக்குப் பெருமாளைத் தூக்கினோம், ராஜாமணி வரவில்லை. அவன் இடத்தில் கமலக்கண்ணனைப் போட்டார்கள், நல்ல பிள்ளை, என்னைவிட அரைத்தலை உயரம். தண்டு அவன் தோளிலேயே நின்றது, என் தோளில் துண்டை மடித்து மடித்து வைத்து உயரம் காட்டினேன். அவன் என் முதுகில் கை போடவில்லை, அவனும் படம் பார்த்தவன்தானே. நடுவழியில் வேர்வை கண்ணில் இறங்கியது. தண்டை விடக் கூடாது, விடவில்லை. ஆற்று மணல் வரைக்கும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே நடந்தேன். சாமியை இறக்கிவைத்த பிறகு நானே துடைத்துக்கொண்டேன்.

சம்பா அறுத்தாகிவிட்டது, கரும்புக்கு ஆலையிலிருந்து இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை. உன் அம்மாவுக்கு மூட்டு வலி, மாத்திரை நேரத்துக்குப் போடுகிறாள். நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, ஈரத்தலையோடு பனியில் வெளியே போகாதே.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். உன்னிடம் இருக்கும் முழுப் பதிவையும் வெட்டாமல், மெதுவாக்காமல், பிடில் இல்லாமல், நாங்கள் தண்டுக்குத் தோள் கொடுப்பதிலிருந்து இறக்குவது வரைக்கும் போட வேண்டும், அப்புறம் பார்க்கிறவர்கள் அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் சபையில் கேட்ட அம்மாளுக்கு அங்கே ஒரு தண்டு இருந்தது என்று நீ எழுத வேண்டும். மணிவண்ணனுக்கு நீயே போன் செய்து, தப்பு என்னுது, உங்கப்பாவுது இல்ல என்று சொல்ல வேண்டும், அவன் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். ராஜாமணிக்கு நீ ஒன்றும் சொல்லக் கூடாது. உன் அம்மா அவன் சம்சாரத்திடம் போவாள், எப்போதும்போல முறுக்கு மாவு பிசைவார்கள். கமலக்கண்ணனைப் பின் தண்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன், அவன் ஒத்துக்கொண்டான். மாசி மகத்தன்று நான் முன் தண்டின் வலப்பக்கம் நிற்பேன், இடப்பக்கம் வேறு யாரையும் நிற்க விடமாட்டேன், விழாக்காரர்கள் கத்தினாலும் விடமாட்டேன். ராஜாமணி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

பெருமாள் உன்னை நன்றாக வைக்கட்டும். நான் சொன்னதையெல்லாம் மாசி மகத்துக்கு முன்னால் முடித்துவிடு.

இப்படிக்கு
உன் அப்பா
ஆதிமூலம்