நாங்கள் புண்படவில்லை என்று யார் சொன்னது

இன்று காலை கிளினிக்கில் ரத்தம் எடுக்க வந்த தாதி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் என் கையைத் துடைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊசின்னா அழுவாங்க. நீங்க என்ன ஆன்ட்டி சிரிக்கிறீங்க?" என்றாள். அவளுக்கு என்னவென்று சொல்வது? பினாங்கில், பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில் நானும் நீயும் தினமும் எட்டு மணி நேரம் சுவாசித்த வாடை அது. வேலை மேசையை நாம் அதே ஸ்பிரிட்டால்தான் துடைப்போம். அந்த வாடை வந்தால் பின்னாலேயே உன் குரலும் வரும் என்று என் மூக்கு பழகிப்போயிருக்கிறது. நீ போய் ஒரு மாதம் ஆகப்போவது அதற்கு இன்னும் தெரியவில்லை.

தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கண் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கண்ணும் மைக்ராஸ்கோப்பில் பதிந்திருக்கும். தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கம்ப்யூட்டர் சில்லில் ஒட்டுகிற வேலை. பேசக் கூடாது என்பது சட்டம். நீ பேசினாய். தலையைத் தூக்காமல், கையை நிறுத்தாமல், குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், பக்கத்தில் இருக்கும் ஜாமானுக்குச் சொல்வதுபோலச் சொல்வாய். "நாள் பூரா தங்கத்தத்தான்டி தொடுறேன். மாப்பிள்ள வீட்ல எத்தன பவுனுன்னு கேட்டா மைக்ராஸ்கோப் வச்சுதான் காட்டணும்." நாற்பது பேருடைய தோளும் ஒன்றாகக் குலுங்கியது. அறுந்த கம்பிகள் எத்தனையோ. லைன் லீடர் ஓடிவந்து, "யாரு பேசினது?" என்று கத்தினார். எல்லாக் கண்களும் மைக்ராஸ்கோப்பில்தான் இருந்தன. மாஸ்க்குக்குப் பின்னால் யார் சிரித்தார்கள், யார் பேசினார்கள் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் எப்படித் தமாசு சொல்கிறாய் என்று பிற்காலத்தில் பல பேர் உன்னிடம் கேட்டார்கள். பிறவிக் கலை என்று சிலர் புகழ்ந்தார்கள். பிறவியாவது மண்ணாவது. மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். அந்தப் பயத்தில் வந்த கலை அது.

நீ பைராம் தோட்டத்திலிருந்து வேலைக்காகப் பினாங்குத் தீவுக்கு வந்தவள். ஐந்து பெண்களோடு ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாய். நான் டவுன்காரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சொந்தக்காரர்களிடம், "என்ர மகள் ஒஃபிசில வேலை செய்யிறாள்" என்றுதான் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பொய் எனக்கும் பிடித்திருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைச் சுருட்டிக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு நான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். நீ அதை மாட்டிக்கொண்டே பஸ் ஏறுவாய்.

கம்பெனியின் வருடாந்திர விருந்தில் நாம் இருவரும் பத்து நிமிடம் தமாசு செய்தோம். நான் கேள்வி கேட்பவள், நீ பதில் சொல்பவள். அன்று மேனேஜரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு உனக்குப் பித்து பிடித்துவிட்டது. காலை ஷிஃப்ட் முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போவாய். மத்தியானக் கூட்டம் கலைந்த நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஒரு கிளாஸ் தே ஆயிர் டீயை வைத்துக்கொண்டு நாம் ஒத்திகை பார்ப்போம். கல்லாவில் இருந்த பாய்தான் நமக்குப் பரீட்சை அதிகாரி. அந்த மனிதர் சிரித்து அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. "இது வேணாம் தங்கச்சி. இதுக்கு என் வீட்டுக்காரிகூட சிரிக்க மாட்டா" என்பார். தங்கத் தமாசைச் சொன்ன அன்று அவருக்குப் புரையேறி, தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் ஓடிவந்து முதுகைத் தட்டினார். பாஸ் என்றாய்.

அப்போது பினாங்கில் மேடைத் தமாசு செய்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். பாட்டுக் கச்சேரியில் இரண்டு பாட்டுக்கு நடுவே வந்து போவார்கள். அதில் பெரிய கை ஒருவர், சேலை கட்டிக்கொண்டு வருவார். அவர் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை. நமக்குள் அவர் சேலை அண்ணே. ஃபாக்டரிப் பெண் வேஷம்தான் அவருக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது. முகம் நிறையப் பவுடர், ஹீல்ஸ், கையில் பை, ஆட்டி ஆட்டி நடை. பஸ் டிரைவரோடு ஒரு கொஞ்சல், சூப்பர்வைசரோடு ஒரு கொஞ்சல். முதலில், "யார் மனதையும் புண்படுத்துவது எமது நோக்கமல்ல" என்று ஒரு வாசகம் சொல்லிவிடுவார். ஊரில் எல்லாத் தமாசுக்காரர்களும் அதைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதைப்போல அது ஒரு வழக்கம்.

முதல் தடவை அவரைப் பார்த்தபோது நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது நீ சொன்னது இதுதான்: "அவன் நடக்குறதே தப்புடி. எட்டு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து எந்திரிச்சவ அப்படியா நடப்பா? இடுப்பப் புடிச்சிக்கிட்டுதான் நடப்பா." கோபத்தில்கூட உனக்குத் தொழில்தான் முதலில் கண்ணில் பட்டது.

பிறகுதான் அந்தத் தீபாவளிக் கலைநிகழ்ச்சி வந்தது. புதுமுகங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பெண்கள் இருவர் தமாசு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விழாக் கமிட்டிச் செயலாளரே நம்மைக் கூப்பிட்டார். நிபந்தனைகளும் போட்டார். எழுதியதைக் காட்ட வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டும், மற்றக் கலைஞர்களைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. நீ தலையாட்டினாய். நான் அந்தத் தலையாட்டலை நம்பினேன் பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. நான் பட்டுச்சேலையில் போனேன். நீ ஓவர்டைம் முடித்து நேரே நீலச் சட்டையில் வந்தாய். நமக்கு முன்னால் சேலை அண்ணே வந்து, அதே பவுடரும் அதே ஹீல்ஸுமாக ஆட்டிவிட்டுப் போனார். கைதட்டல் அடங்குவதற்குள் நம்மைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிஜமாக நடப்பதைப்போலவே மெதுவாக மைக்குக்கு நடந்தாய். பின்னாலிருந்து ஒருவன், "டேய், அசல் வந்துருச்சிடா" என்றான். சிரித்தார்கள். அது நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

திரைக்குப் பக்கத்தில் நின்ற செயலாளர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வாசகத்தைத் தொடங்கினேன். பாதியில் நீ மைக்கை வாங்கிக்கொண்டாய்.

"நில்லு தேவி. இப்ப வந்துட்டுப் போன அண்ணே, யாரையும் புண்படுத்த வரலன்னு சொன்னாரு. சந்தோசம். நாங்க புண்படலன்னு அவருக்கு யாரு சொன்னா?"

செயலாளரின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இங்க ஃபாக்டரியில வேல செய்றவங்க இருப்பீங்கல்ல? கை தூக்குங்க பாப்போம்" என்றாய்.

ஒரு கைகூட எழவில்லை. நம் லைனிலிருந்தே முப்பது பேர் வந்திருந்தது எனக்குத் தெரியும். எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது வரிசையில் அப்பா இருந்தார், பக்கத்தில் தைப்பிங்கிலிருந்து வந்த சொந்தக்காரர்கள். நான் உனக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். என் கை சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது எழவில்லை. "இதோ இவளும்தான்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

நீ காத்திருந்தாய். முகத்தில் ஒன்றுமில்லை. அப்புறம், "சரி. யாரும் இல்ல. அப்ப அந்தச் சம்பளத்துல சாப்பிடுறவங்க கை தூக்குங்க" என்றாய்.

எங்கோ பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஒரு கிழவி எழுந்து நின்று, "எங்க வீட்ல மூணு பேரு சாப்புடுறோம் லா" என்று கையைத் தூக்கினாள். அங்கங்கே கைகள் எழுந்தன. ஒருவர் தூக்கவில்லை, அவர் மனைவியே அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அதைப் பார்த்து மண்டபமே வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே என் அப்பாவின் கை, பஸ்ஸை நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப்போல மெதுவாக மேலே வந்தது. தைப்பிங்காரர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் இறக்கவில்லை. அதன்பிறகு நம் லைன் பெண்கள் முப்பது பேரும் தூக்கினார்கள். அப்போதும் நான் தூக்கவில்லை. எல்லாரும் தூக்கிய பிறகு தூக்குவதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மிச்ச நிமிடங்களில் நீ மண்டபத்தைக் கையில் வைத்திருந்தாய். இறங்கியதும் செயலாளர் பிடித்துக்கொண்டார். "சிரிப்புக் காட்டச் சொன்னா சண்டை காட்டுறீங்களேம்மா" என்றார். "சிரிச்சாங்கல்ல சார்? அப்புறம் என்ன?" என்றாய். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் அடுத்த வருடமும் மேடை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நான் பஸ்ஸில் கெஞ்சினேன். "நீ வேணும்னா போடு. என் கையெழுத்து அழகா இருக்காது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நானும் போடவில்லை. அந்த மட்டில் நான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்த மண்டபம் நமக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் நாம் ஓய்ந்துவிட்டோமா? ஃபாக்டரி கேன்டீன், காதுகுத்து, கல்யாணக் கூடாரம், பிறந்தநாள் என்று எத்தனை வருடம் ஆடினோம். மைக் வேலை செய்யாத இடங்களில் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினாய். "எட்டு மணி நேரம் உக்காந்தவளுக்கு நின்னு பேசுறதுதான்டி ஓய்வு" என்பாய். இப்போது பிள்ளைகள் காப்பிக்கடைகளில் மைக்கைப் பிடித்து நின்றுகொண்டு பேசுகிறார்கள், அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நல்லா இருக்கட்டும். சேலை அண்ணே அதன்பிறகு பினாங்கில் ஃபாக்டரிப் பெண் வேஷம் கட்டவே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் கட்டினார் என்று கேள்வி. ஃபெரி ஏறினால் துணிச்சல் வந்துவிடும்போல.

அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு உந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டே போ பிள்ளை. சுருட்டி வச்சாக் கசங்கிப்போகும்" என்றார். மறுநாள் நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்தாய். ஒரு கேலிகூடப் பண்ணாமல் நகர்ந்து இடம் கொடுத்தாய். உன்னால் ஒரு கேலியை அடக்க முடிந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

ஆனாலும் மேடையில் எழாத அந்தக் கை என்னை விடவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வழியாகக் கேட்டேன். "அன்னிக்கு நான் தூக்கலயேடி. உனக்கு வலிக்கலயா?" நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "நீ தூக்கியிருந்தா அடுத்த ஜோக் எனக்கு வந்திருக்காது. விடுடி."

எவ்வளவு அழகான மன்னிப்பு. அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. என்னைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவதற்காகச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். வலித்தது என்று நீ சொல்லாததைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். பாரம்தான். இறக்கிவைக்கவும் மனமில்லை.

நேற்று உன் மகன் வந்தான். முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்குப் பேப்பரில் போட எழுதிக்கொண்டு வந்திருந்தான். நல்ல பிள்ளை, கையெழுத்துகூட உன்னைப்போல இல்லை, அழகாக இருக்கிறது. "அன்புத் தாய், சிறந்த இல்லத்தரசி, யார் மனதையும் புண்படுத்தாதவர்" என்றிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. பேனாவை வாங்கிக் கோடு போட்டு அடித்தேன். தொழிற்சாலை ஊழியர், மேடை நகைச்சுவைக் கலைஞர் என்று எழுதினேன். அவன் தயங்கினான்.

"ஆன்ட்டி, ஃபாக்டரின்னு பேப்பர்ல போட்டா அம்மாவுக்கு மரியாதையா இருக்குமா?"

"உங்கம்மா இருந்தா இதுக்கு ஒரு ஜோக் சொல்லியிருப்பா. எனக்கு அது வராது. அதனால நேராச் சொல்றேன், போடு."

தலையாட்டினான். தாளைக் கையில் வாங்கிக் கடைசிவரை படித்தேன். கீழே துயரம் பகிர்வோர் பட்டியலில் கடைசியாக 'தேவி, தோழி' என்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தேன்: தொழிற்சாலை ஊழியர். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வருகிறது. தைப்பிங் சொந்தக்காரர்களும் அந்தப் பேப்பரைத்தான் வாங்குகிறார்கள்.