எண்ட ஜெர்மன் தொப்பி

2025 ஜூலை 5, சனி

இன்றைக்கும் அதே கூத்துதான். பழைய இராணுவப் பதக்கம், சீருடை சேர்க்கிறவர்களின் முகநூல் குழுவில் தொப்பியின் படத்தைப் போட்டேன். முதலாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் அதிகாரியின் தொப்பி. அறுகம்பேயில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற றிஸ்மியிடம் ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போனதை நான் வாங்கிக்கொண்டேன். அவனுடைய பாட்டனின் வாப்பா போட்டதாம். கொஞ்ச நேரத்துக்குள்ளே இங்கிலாந்துக்காரன் ஒருவன் எழுதிவிட்டான்: "நகல். சினிமாவுக்குத் தைத்தது." தொட்டுப் பார்த்தானா? மணந்து பார்த்தானா? கல்முனையிலிருந்து ஒரு பொம்பிளை போட்டால் எல்லாமே நகல்! போன வருசம் நான் போட்ட பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் பெயர் வெட்டியிருந்ததைக் காட்டியும் நம்பவில்லையே இவனுகள்.

நஸீம் சொல்கிறார்: "உடுகா. அவனுக்குப் பொறாம." என் மனிசனிடம் எல்லாத்துக்கும் ஒரே மருந்து: உடுகா, விட்டுத்தள்ளு. நெல் மில்லிலிருந்து வந்த வேர்வையோடு தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் சல்யூட் வேறு! பிடுங்கி அலுமாரியில் வைத்தேன்.

ஜூலை 9, புதன்

ஜெர்மனியில் ஹெல்கா என்று ஒருத்தி, இந்தத் தொப்பிகள் அசலா நகலா என்று பார்த்துச் சொல்வதில் கெட்டிக்காரி. மெயில் போட்டாயிற்று. பதில் இல்லை. நான் வேலை செய்கிற வங்கிக்கு வருகிற சனத்திடம் எரிந்து விழுகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஹெல்கா எழுதியிருக்கிறாள். வாசித்ததிலிருந்து தலை சுத்துது.

துணி சரியாம், தையலும் சரியாம். இனி உள்ளே நெற்றியைச் சுற்றி வருகிற தோல்பட்டிதான் சொல்ல வேண்டும். உள்ளே முத்திரை குத்தியிருக்கிற, இதைத் தைத்த தொப்பிக்காரர் பன்றித்தோல்தான் வைப்பாராம். நகல் தைத்தவர்கள் வைத்தது ஆட்டுத்தோல். மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்திருந்தால் பன்றி. பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பு என்கிறாள்.

யா அல்லாஹ்! ஆடு எண்டா நகல். பண்டி எண்டா அசல் — ஆனா ஊட்டுக்குள்ள வெச்சிரிக்க ஏலா. நான் தொழுகிற அறையில்தானே அலுமாரி. மஃரிப் தொழுகைக்குப் பிறகு கையை ஏந்திக்கொண்டு சும்மா இருந்தேன். என்ன துஆ கேட்கிறது? பண்டியா இரிக்கட்டும் எண்டு அல்லாஹ்க்கிட்ட கேக்கவா?

ஜூலை 14, திங்கள்

கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, போன் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று துளை. பக்கத்தில் மூன்று. பட்டி முழுக்க மூன்று மூன்று.

அசல்! கத்திவிட்டேன். சந்தோசத்தில் கத்தினேனா, பயத்தில் கத்தினேனா, எனக்கே விளங்கவில்லை.

நஸீம் ஓடி வந்தார். சொன்னேன். அந்த முகம் போன போக்கு! "றஹீமா, நான் வேர்வத் தலையோட மாட்டினனே!" ஈரத்தோடு பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணியில். கிணற்றடியில் குந்தி மண்ணைப் போட்டுத் தலையைத் தேய்தேய் என்று தேய்த்தார். இந்தப் பத்து நாளில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

படங்களை ஹெல்காவுக்கு அனுப்பிவிட்டேன். தொப்பி பையோடு வெளியே விறகுக் கொட்டிலில்.

ஜூலை 16, புதன்

வங்கியில் பக்கத்து மேசை கேதீஸ்வரி சொன்னாள்: "அக்கா, பாண்டிருப்புக்கு எங்கட வீட்ட கொண்டு வாங்க. சோக்கேசில வைப்பம்." நல்ல பிள்ளை. ஆனால் எனக்கு மனசு எரிந்தது. எண்ட பொருளப் பாக்க நான் இன்னொரு ஊட்டுக் கதவத் தட்டணுமா?

தோல்பட்டியை மட்டும் பிரித்தெடுத்தால் என்ன என்று ஹெல்காவிடம் கேட்டேன். "பிரித்தால் அது தொப்பி இல்லை, வெறும் துணி" என்றாள். சரி, வெள்ளிக்கிழமை கேதீஸ்வரியிடம் கொடுக்கிறதுதான். நஸீமிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் எழும்பி விறகுக் கொட்டில் பக்கம் போனார்.

ஜூலை 17, வியாழன்

கழுவிட்டார். தொப்பியக் கழுவிட்டார்!

ஜூலை 18, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத ஏலவில்லை.

வங்கி விட்டு வந்தேன். உடுப்புக் கொடியில் தொப்பி கிளிப் போட்டுத் தொங்குகிறது, கச்சான் காற்றில் ஆடுகிறது. பக்கத்தில் நஸீம், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு. "ஏழு தரம் றஹீமா! மண்ணும் போட்டுத்தான். இனி உள்ளுக்கே வெச்சிரிக்கலாம்."

வடிவாக நிற்க உள்ளே வைத்திருந்த மட்டை கரைந்து கஞ்சியாக வடிகிறது. கம்பளித்துணி சுருங்கி, வெளியே உள்ள சிவப்புப் பட்டியின் சாயம் சாம்பல்நிறத் துணியில் இறங்கிவிட்டது.

"தோல் பட்ட இடத்தத்தான் கழுவுற! தோல ஆயிரம் தரம் கழுவினாலும் அது பண்டித்தோல்தானே! மௌலவிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே!" நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எண்ட தலைக்குச் சரி எண்டா தொப்பிக்கு ஏன் சரிவரா எண்டு நினச்சன்."

ஒரு உலகப் போரில் தப்பிய தொப்பி, எங்கட கிணத்தடில செத்துப்போச்சு. சோறு ஆக்கவில்லை. படுத்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

கேதீஸ்வரி வந்து தொப்பியைப் பையோடு எடுத்துப் போனாள். நஸீமோடு கதைபேச்சு இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஹெல்காவின் முடிவு வந்துவிட்டது. அசல், சந்தேகமே இல்லை. இங்கிலாந்துக்காரனும் குழுவில் கைதட்டுகிற படம் போட்டிருக்கிறான். இப்ப என்னத்துக்குடா?

கேதீஸ்வரி போனில் கோல் எடுத்தாள். "அக்கா, காஞ்சிட்டு. ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. தோல்பட்டிக்கு மட்டும் ஒண்டும் ஆகல்ல, அப்படியே இருக்கு." அல்லாஹ்வே, அது மட்டுமா மிஞ்ச வேணும்!

தன்னுடைய இணையத்தளத்தில் போட முழுத் தொப்பியின் புதிய படம் வேண்டும் என்கிறாள் ஹெல்கா. பழைய படம் ஒன்றை அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? மனசு வரவில்லை. "என் கணவர் அதைக் கழுவிவிட்டார்" என்று எழுதினேன். உடனே பதில், ஒரே சொல்: "ஏன்?"

நஜீஸ் என்கிற அசுத்தம், ஏழு தரம், மண் என்று இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதினேன். அழித்தேன். ஒண்டும் விளங்காத மனிசன் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

"அது என்னை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்தார்."