வெங்காய மூட்டையுடன் நேரில் வந்த மாணவியை ‘வரவில்லை’ எனப் பதிவு செய்தது குறித்து

அனுப்புநர்
கு. பூங்குழலி,
த/பெ. குழந்தைவேல்,
மேலத் தெரு, கீழப்பழுவூர்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு.

பொருள்: பி.பி.ஏ. ஆறாம் பருவம் – ‘நிலைத்த வணிகம்’ பாடத்தின் திட்ட அறிக்கை – வாய்மொழித் தேர்வுக்கு நேரில் வந்திருந்த என்னை ‘வரவில்லை’ எனப் பதிவு செய்தது – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 05.06.2025 அன்று வெளியான தேர்வு முடிவு. 2. 23.04.2025 அன்று துறைத்தலைவர் எனக்கு வழங்கிய குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பெரம்பலூரை அடுத்த, தங்கள் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு முடித்தவள். முடித்தவள் என்று நான் சொல்கிறேன். தங்கள் இணையதளம் இன்னும் சொல்லவில்லை. கல்லூரியின் பெயர் இணைப்பில் உள்ளது. மூன்று வருடம் பாடம் சொல்லிக் கொடுத்த இடம் என்பதால் மனுவில் எழுதிச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

2. ஆறாம் பருவத்தில் ‘நிலைத்த வணிகம்’ என்றொரு பாடம் உண்டு. இயற்கையைக் கெடுக்காமல் தொழில் நடத்துவது எப்படி என்பதுதான் அதன் சாரம். குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி என்ற மூன்றையும் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் திரு. ராஜவேல் அவர்கள் மனதில் பதியும்படி நடத்தினார். இப்பாடத்துக்கு நாற்பது மதிப்பெண்ணுக்கு ஒரு திட்ட அறிக்கை உண்டு. மாணவர் ஒரு தொழில் நடக்கும் இடத்துக்கு நேரில் சென்று, அறுபது நாள் ஆய்ந்து, சொந்தமாக எழுத வேண்டும் என்று தங்கள் பாடத்திட்டத்தின் பதினான்காம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் படித்ததிலிருந்துதான் எல்லாத் தொல்லையும் தொடங்கியது.

3. எங்கள் துறையில் நடைமுறை வேறு. பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே திரு. ஆண்டவர் என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ரெட்டிபாளையம் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றைப் பற்றி என்றோ யாரோ எழுதிய அறிக்கை அவருடைய கணினியில் இருக்கிறது. பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், நீல அட்டை போட்டுச் சுருள் கம்பி கோத்துக் கையில் கொடுத்துவிடுவார். எங்கள் வகுப்பில் நாற்பத்து நான்கு பேர். அவர்களில் நாற்பத்து மூன்று பேர் அந்த அறிக்கையைத்தான் கொடுத்தார்கள். ஆறு வருடமாக ஒரே அறிக்கை திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. மறுபயன்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நான் எங்கள் மாவட்டத்தில் கண்டதில்லை.

4. அந்த அறிக்கையை முதலில் எழுதியவர் திருமணமான ஒரு சகோதரி என்று தெரிகிறது. நன்றியுரைப் பக்கத்தில், “கண் விழித்து எனக்குத் துணை நின்ற என் அன்புக் கணவர் செபஸ்டின் அவர்களுக்கு” என்று எழுதியிருக்கிறார். நன்றியுரையை எங்களில் யாரும் படிப்பதில்லை என்பதால் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. ஆகவே எங்கள் வகுப்பின் இருபத்தாறு ஆண்களும், இன்னும் திருமணமாகாத பதினேழு பெண்களும் திரு. செபஸ்டினுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். என் பக்கத்து இருக்கை பிரசாத் முப்பத்தெட்டு மதிப்பெண் பெற்றான். “வூட்ல நல்ல சப்போர்ட் போல” என்று தேர்வாளர் அவனைப் பாராட்டியதாகவும் சொன்னான். இதை நான் புகாராக எழுதவில்லை. அவர்கள் என் நண்பர்கள். அவர்கள் மதிப்பெண்ணில் தாங்கள் கை வைத்தால் நான் பெரம்பலூர்ப் பக்கம் தலை காட்ட முடியாது.

5. என் விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தை திருமதி வேணி, செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் பயிரிடுகிறார். அறுத்த வெங்காயத்தை உடனே விற்காமல், குச்சிகள் நட்டு ஓலை வேய்ந்த பட்டறையில் மாதக்கணக்கில் அடைத்து வைப்பது அங்கே வழக்கம். அதில் அழுகி வீணாவது ஏராளம். இதையே என் ஆய்வாக எடுத்துக்கொண்டு அத்தை வீட்டிலேயே தங்கினேன். ஒரு பட்டறையை வழக்கம்போல் தரையோடு வைத்தோம். இன்னொன்றைக் கல் அடுக்கி ஒன்றரை அடி உயர்த்தி, நடுவில் காற்று போக வழி விட்டோம். அறுபது நாள் கழித்துப் பிரித்தபோது, தரையோடு இருந்ததில் நூறு கிலோவுக்கு முப்பத்தொரு கிலோ அழுகியிருந்தது. உயர்த்தியதில் பதினான்கு கிலோ. அன்று அத்தை என் தலையில் கை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான முதல் காரியம் அதுதான் என்று எனக்கே தோன்றியது.

6. அறிக்கையைப் பார்த்த திரு. ராஜவேல் அவர்கள், “எழுத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா ஆலை எங்க?” என்று கேட்டார். இரண்டாம் அத்தியாயத்தில் நிறுவனத்தின் நிர்வாக அமைப்பு வரைபடம் வேண்டும் என்றார். வரைந்து கொடுத்தேன். மேலே அத்தை, கீழே மாமா என்று இரண்டே கட்டங்கள் வந்தன. அதைப் பார்த்துவிட்டு, “கடைசியா வாம்மா, கூட்டம் கொறஞ்சதும் பேசிக்கலாம்” என்று என்னைப் பட்டியலின் கடைசியில் போட்டுவிட்டார்.

7. 23.04.2025 அன்று காலை ஒன்பது மணிக்கு என் தந்தை தமது மொபெட்டில் என்னையும் இரண்டு வெங்காய மூட்டைகளையும் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். ஒரு மூட்டை தரைப் பட்டறையிலிருந்து, மற்றது உயர்த்திய பட்டறையிலிருந்து. முதல்நிலைத் தரவுகளைத் தேர்வாளர் சரிபார்க்கும் வகையில் கொண்டுவர வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் அதை நகலெடுத்த தாள் என்று புரிந்துகொண்டார்கள். என் தரவு வெங்காயமாக இருந்ததால் நான் வெங்காயத்தைக் கொண்டு போனேன். இதில் என் தவறு என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

8. எனக்கு முன் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அறிக்கை ஒன்றே என்பதால் கேள்வியும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் நான் உள்ளே போனேன். அறையில் ஏ.சி. ஓடியது; சன்னல்கள் திறக்க முடியாதபடி திருகாணி போட்டு மூடியிருந்தன. வெளித் தேர்வாளர், “என்னம்மா மூட்ட?” என்றார். “தரவுகள் ஐயா” என்றேன். அவர் ஆர்வமாக எழுந்து வந்து தாமே ஒரு மூட்டையை அவிழ்த்தார். என் போதாத காலம், அது தரைப் பட்டறை மூட்டையாக இருந்தது.

9. ஐயா, அறுபது நாள் அழுகிய சின்ன வெங்காயத்தின் வாடையை மனுவில் விவரிக்க முடியாது. தேர்வாளர் கையில் இருந்த தாளால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். அந்தத் தாள் மாணவர்கள் கையொப்பமிட வேண்டிய வருகைத் தாள். எங்கள் துறையில் தேர்வு முடிந்த பிறகுதான் அதில் கையொப்பம் வாங்குவார்கள். முன்பு ஒருவர் கையொப்பத்தை மட்டும் போட்டுவிட்டுக் கேள்விக்கு நிற்காமல் ஓடிவிட்டதால் வந்த ஏற்பாடு என்று கேள்வி. நான் மூட்டைகளோடு ஒன்றே முக்கால் மணி வரை அந்த அறையிலேயே நின்றேன். தேர்வாளர் திரும்பவில்லை. வருகைத் தாளும் அவரோடு போய்விட்டது. அலுவலக உதவியாளர் திருமதி சத்யா பினாயிலும் துடைப்பமுமாக வந்து, “போயிட்டு வாம்மா, அவரு கார்ல ஏறிட்டாரு” என்றார். ஆக, அறையை விட்டுப் போனவர் தேர்வாளர். வரவில்லை என்று பதிவானவள் நான்.

10. அதே நாள் மாலை துறைத்தலைவர் எனக்கு ஒரு குறிப்பாணை வழங்கினார். “மாணவி கு. பூங்குழலி இன்று முற்பகல் 11.10 மணியளவில் அழுகிய வெங்காயத்துடன் வாய்மொழித் தேர்வு அறைக்கு வந்து, தேர்வாளர் பணியைத் தொடர முடியாத நிலையை ஏற்படுத்தியது ஏன் என விளக்கமளிக்க வேண்டும்” என்பது அதன் வாசகம். கல்லூரி முத்திரையும் உண்டு. முடிவு வெளியான பிறகு, தேர்வுக்கு வராத ஒருத்தி தேர்வு அறையில் எப்படி வாடையை உண்டாக்கினாள் என்று துறைத்தலைவரிடம் பணிவோடு கேட்டேன். “அது வேற ஃபைல், இது வேற ஃபைல்” என்று பதில் வந்தது. கல்லூரி முதல்வர் இது பல்கலைக்கழகத்தின் முடிவு என்கிறார். தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் இது கல்லூரியின் பதிவு என்கிறார். இரண்டு பேரும் மரியாதையாகவே சொன்னார்கள்.

11. திரு. ராஜவேல் அவர்கள் நல்ல மனிதர். அவர் எனக்கு ஒரு வழி காட்டினார். வரும் நவம்பரில் சிமெண்ட் அறிக்கையைக் கொடுத்துவிட்டால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்தையின் வெங்காயத்தைக் காப்பாற்றிய அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டு, நான் பார்த்திராத கணவருக்கு நன்றி சொல்லிப் பட்டம் வாங்குவது எனக்கு அவமானமாக இருக்கிறது.

12. நவம்பர் வரை காத்திருக்கவும் வழியில்லை. அத்தை உறுப்பினராக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மேலாளர் திரு. ராஜராஜன் என் அறிக்கையை முழுவதும் படித்தார். எனக்குத் தெரிந்து அதை முழுவதும் படித்த ஒரே மனிதர் அவர்தான். பன்னிரண்டு ஊர்ப் பட்டறைகளையும் இதே முறையில் உயர்த்தும் பொறுப்பை எனக்குத் தருவதாகவும், “சர்டிபிகேட்ட மட்டும் கொண்டாங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றும் சொன்னார். 30.06.2025க்குள் நான் பட்டச் சான்றைக் காட்ட வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

13. இனி எழுதுவது தங்கள் அலுவலக விதிகளுக்குள் வராது. பொறுத்துக்கொள்ளவும். முடிவு வந்த அன்று என் தந்தை கைப்பேசியில் அதை மூன்று முறை பார்த்தார். அவர் முத்திரையையும் அச்சையும் நம்புகிறவர். “அன்னைக்கு கேட்டுக்குள்ள வுட்டுட்டுத்தானம்மா வந்தன். அப்பறம் எங்க போன?” என்று கேட்டார். வெங்காயக் கதையைச் சொன்னேன். அவர் நம்ப முயன்றார் என்பது முகத்தில் தெரிந்தது. என் தாயார் சிந்தாமணி அந்த அளவுக்கு முயலவில்லை. “எந்தப் பையன்னு மட்டும் சொல்லிடு, ஆத்தா” என்றார்.

14. திட்டுக்குப் பயந்து அதுவரை மறைத்து வைத்திருந்த குறிப்பாணையை எடுத்துக் காட்டினேன். அதுவும் உதவவில்லை. இரண்டு தாளிலும் முத்திரை இருப்பதால் என் தந்தை இரண்டையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டார். அதாவது, நான் பரீட்சைக்குப் போகவில்லை. ஆனால் கல்லூரியில் நாற்றம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது என் ஜாதகத்தை மூன்று நகல் எடுத்துத் தரகரிடம் கொடுத்திருக்கிறார்கள். நகல் எடுத்ததும் ஆண்டவர் கடையில்தான். அவர் அட்டை போட்டுக் கொடுத்தாராம். என் தந்தை என்னைத் திட்டவில்லை. பேருந்துக்கு நிற்கும்போது துணைக்கு வந்து நிற்கிறார், நான் ஏறும் வரை போவதில்லை. மூன்று வருடமாக அப்படி நின்றவர் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

15. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) பார்வை 2இல் கண்ட குறிப்பாணையையே என் வருகைக்குச் சான்றாகக் கொண்டு, ‘வரவில்லை’ என்ற பதிவை நீக்கவும்;

ஆ) 30.06.2025க்கு முன் எனக்கு வாய்மொழித் தேர்வு நடத்தவும் வேண்டுகிறேன். தேர்வாளர் விரும்பினால் அத்தையின் பட்டறைக்கே வரலாம். அங்கே நல்ல காற்று வரும். அறையில்தான் நடத்த வேண்டும் என்றால் உயர்த்திய பட்டறை மூட்டையை மட்டும் கொண்டு வருகிறேன்.

16. விதிப்படி இவை இரண்டுக்கும் வழியே இல்லை என்று தாங்கள் முடிவு செய்தால், வேலை போகிறது, அதை நான் தாங்கிக்கொள்வேன். அப்போதும் ஒன்று மட்டும் செய்து தர வேண்டும். 23.04.2025 அன்று முற்பகல் இந்த மாணவி தேர்வு அறையில்தான் இருந்தாள் என்று ஒரே ஒரு வரி, தங்கள் அலுவலகத் தாளில், தங்கள் முத்திரையுடன் வேண்டும். மதிப்பெண் எதுவும் அதில் போட வேண்டாம். அதை எனக்கு அனுப்பாமல், மேற்கண்ட முகவரியில் திரு. குழந்தைவேல் அவர்கள் பெயருக்கே அனுப்பினால் நன்றாக இருக்கும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாமே படித்துக்கொள்வார்.

இணைப்பு: திட்ட அறிக்கை, குறிப்பாணை நகல், தேர்வு முடிவு நகல், கல்லூரி விவரம்.

இடம்: கீழப்பழுவூர்
நாள்: 16.06.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
நேரில் வந்திருந்த மாணவி,
(ஒப்பம்)
கு. பூங்குழலி