படகில் எத்தனை பேர்

பண்டபெர்க் படகுத்துறை
ஜூலை 9

அன்பு மகள் கிரிலிக்கு அம்மா எழுதுவது.

அங்கே கனடாவில் இப்போது வெயில் காலம் என்று மாப்பிள்ளை ஆங்கஸ் சொன்னான், நீங்கள் இரண்டு பேரும் தலைவலி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் வலது கை மாவுக்கட்டில் கிடக்கிறது, இதை இடது கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பார்த்ததுமே நீ கண்டுபிடித்திருப்பாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நல்ல கையாலேயே என் எழுத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது கண்ணு, பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லை நான் அழுதுவிடுவேன்.

கை எப்படி உடைந்தது என்று கேட்ட ஆங்கஸிடம் வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொன்னேன், அது பாதிதான் உண்மை. மீதியை எழுதுகிறேன். உன் அப்பா மார்ச்சில் போனதிலிருந்து நாங்கள் குடியிருந்த படகு நின்ற இடத்திலேயே நின்றது. டீக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று கீழே இறங்கிப் போன மனுஷன், கெட்டில் கூவிக்கொண்டே இருக்கிறது, ஆளைக் காணோம், அப்படிப் போனார். அதற்கப்புறம் மூன்று மாதம் நான் நங்கூரத்தைத் தொடவில்லை. ஜூன் மாதம் ஒரு காலை, காற்று சாதுவாக இருந்தது, பக்கத்துக் கழிமுகம் வரைக்குமாவது கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூன்று வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலைதானே. கிளம்புமுன் கரை ரேடியோவில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், படகின் பெயரை மூன்று தடவை, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குச் சேருவோம், படகில் எத்தனை பேர். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன், கடைசியில் வழக்கம்போல இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு என்றே எனக்குப் படவில்லை கிரிலி. அப்பாவின் சாம்பல் பிஸ்கட் டப்பாவில் மேப் மேஜை மேல் இருக்கிறது, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்திருந்தேன்.

கழிமுகத்து வாயிலேயே மணல் திட்டில் ஏறிவிட்டேன். தண்ணீர் வடிகிற நேரம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நான் படியில் விழுந்தேன், கை உடைந்தது, தலையிலும் அடி. சேருகிற நேரம் தாண்டியும் என் குரல் வரவில்லை என்று கரையிலிருந்து மீட்பு ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிறவர்கள், ஒருத்தன் பேக்கரிக்காரன், ஒருத்தி தபால் கொடுப்பவள். வந்து பார்த்தால் இரண்டு பேர் இருக்க வேண்டிய படகில் ஒரு கிழவி. என் வாயிலிருந்து டெஸ், டெஸ் என்று உன் அப்பா பெயர் மட்டும்தான் வந்ததாம். அவர்கள் என்ன நினைப்பார்கள்? டெஸ் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று இரண்டு படகு மூன்று மணி நேரம் தேடியிருக்கிறது. அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேக்கரிக்காரன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மாங்குரோவ் வேருக்குள் எல்லாம் கையை விட்டுத் துழாவினானாம். எனக்கு நினைவு தெளிந்து, அவர் உள்ளேதான் இருக்கிறார், டப்பாவில், என்று சொன்னேன். தபால்காரி என் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கூட்டத்தின் தலைவர் மெர்வ், எழுபத்து நாலு வயது, முழங்கால் சரியில்லாதவர், ஏம்மா, இனிமே எண்ணும்போது மூச்சு விடற ஆளை மட்டும் எண்ணும்மா, எங்களுக்கும் வயசாகுதில்ல என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பா சொல்லாதே என்றார், அதனால் இத்தனை நாள் சொல்லவில்லை. நாங்கள் வாகா ஊரில் இருந்த நம் வீட்டை விற்றபோது நீ போனில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாடோடி மாதிரி சுத்துங்க, வீடு வேண்டாம்னவங்களுக்கு மக மட்டும் எதுக்கு என்றாய். நீ வளர்ந்த வீடு, உன் உயரத்தைக் கோடு போட்டு வைத்த கதவு, கோபம் வரத்தான் செய்யும். அப்பா அன்றைக்குச் சிரித்து மழுப்பினார், முப்பத்தொரு வருஷமா ஒரே புல்லை வெட்டிட்டேன்டி, இனி அதுவே வளரட்டும், நாம போவோம் என்றார். ஆனால் இரண்டு வருஷம் கேரவனில் சுற்றினோமே, ஒவ்வொரு ஊரிலும் போன் டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். நீ கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்று வாயால் சொல்ல மாட்டார். அப்புறம் கேரவனைக் கொடுத்துப் படகு வாங்கினோம். வாங்கும்போது அதற்கு வேறு பெயர். பெயரை மாற்றினால் ஆகாது என்று படகுக்காரர்கள் பயப்படுவார்கள், இவர் கேட்கவில்லை, அரை பாட்டில் பீரைக் கடலுக்கு ஊற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் கையாலேயே நீலப் பெயிண்டில் எழுதினார். கிரிலி. உன் பெயர்தான். மகளுக்குச் சொல்லுங்களேன் என்றேன். வேண்டாம், ஐஸ் வைக்கிறேன்னு நெனப்பா என்றார். மூன்று வருஷம் தினமும் காலையில் ரேடியோவை எடுத்து, கிரிலி, கிரிலி, கிரிலி, இரண்டு பேர் என்று உன் அப்பா கூப்பிட்டார். கடற்கரை முழுக்கக் கேட்டது. உனக்கு மட்டும் கேட்கவில்லை. நீ தகனத்தைப் போனில் முகம் காட்டாமல் பார்த்தாய் என்று ஆங்கஸ் சொன்னான். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. நானும்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

படகை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொல்கிறாய். கை கூடினாலும் இனி தனியாக ஓட்டக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள், நல்ல பிள்ளைகள், வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்களாம், அந்தப் பெண் கண்ணில் அப்பாவிடம் இருந்த அதே பைத்தியம். பெயரை மட்டும் மாத்திக்கறோம் ஆன்ட்டி என்றாள். மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். விற்கத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நீ வந்து ஏற வேண்டும். அப்பாவைக் கடலுக்குள் இருக்கிற ஒரு தீவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும், மெர்வ் சுக்கான் பிடிக்கிறேன் என்கிறார். டப்பாவைத் திறக்க எனக்கு ஒரு கைதான் இருக்கிறது. அன்றைக்கு ரேடியோவில் நீ பேச வேண்டும். உன் பெயரை நீயே மூன்று தடவை சொல். எத்தனை பேர் என்று கேட்டால் சரியாக எண்ணிச் சொல், நான் சொன்னால் மறுபடியும் தப்பாகிவிடும்.

வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, கோபிக்க மாட்டேன். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, ஆங்கஸிடம் சிடுசிடுக்காதே. நீங்கள் இரண்டு பேரும் எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும், கூரையே இல்லாவிட்டாலும், ஒன்றாக இருங்கள், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே, வந்தால் கறுப்பு அடி வைத்த செருப்போடு படகில் ஏறாதே, தளத்தில் கறை பிடிக்கும், அப்பாவுக்குப் பிடிக்காது.

உன் அம்மா,
க்ளெனிஸ்
கிரிலி படகு, ஒரு ஆள்