வினாகிரிக்குள் சாகாதது

திருகோணமலை
12.7.1979, காலை ஆறு மணி பத்து நிமிடம்

அன்பின் மகன் கிறிஸ்தோபருக்கு,

வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இருவரும் நற்சுகம் என்று எழுத ஏலாது. யப்பானில் நீ சுகமா என்று முறைக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

பயிற்சி விடுதியில் பச்சைக் கும்பளா மீனை, ஊறுகாய்க்கு விடுகிற புளித்த வினாகிரியில் ஊறவைத்துத் தருகிறார்கள், நல்ல ருசி என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அன்றிலிருந்து அதே கதைதான். உன் பிறந்தநாளன்று, நான் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் நிற்கிற நேரம் பார்த்து, மீன்காரன் தாஹிரிடம் கும்பளா வாங்கி அப்படியே செய்து தின்றிருக்கிறாள். கேட்டால், "பிள்ளை தின்னுறதை நானும் ஒருக்காத் தின்னவேணும் எண்டு நினைச்சனான்" என்கிறாள். பின்னேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வயிற்றை வெட்டிப் பார்க்கவேண்டும் என்று டாக்குத்தர் ஆயத்தம் செய்ய, அதற்குள் சத்தி எடுத்தாள். அதில் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு, உயிரோடு. தாஹிர் பழுதான மீனை விற்றுவிட்டான் என்று அயலில் ஏசினார்கள், விசர்க் கதை, அது அன்று பிடித்த மீன்தான்.

அந்தப் புழுவை எடுத்து வினாகிரிக்குள் போட்டேன். மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறேன், நெளிந்துகொண்டு கிடக்கிறது. வினாகிரி மீனை வெளுக்கப்பண்ணும், புழுவைக் கொல்லாது. அவிக்கவேண்டும், இல்லாவிட்டால் கல்லாக உறையவைக்கவேண்டும். இப்போது யாருடைய மலத்தைப் பரிசோதிக்க வைத்தாலும் ஓரத்தில் அது அசைகிற மாதிரி இருக்கிறது, கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன்.

அம்மாவுக்கு வயிற்று நோ நின்றுவிட்டது. ஆனால் குசினியில் நிற்பவள் திடீரென்று அகப்பையை வைத்துவிட்டு, வயிற்றில் கையை வைத்தபடி எதையோ காதுகொடுத்துக் கேட்கிறாள். அது போய்விட்டது என்று சொன்னால், "எனக்குப் போட்டுது. அவனுக்கு?" என்கிறாள். சாப்பிட்டபிறகு வயிற்றில் குத்துகிறது, பெரிதாக ஒன்றுமில்லை என்று போன கிழமை வந்த கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, அதுதான்.

நான் இருபது வயதில் உன்னைப் பெற்றவன், கிழவர்கள் மாதிரிச் சுற்றி வளைக்கத் தெரியாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்குத்தரிடம் போ, பச்சை மீன் தின்றேன் என்பதை முதலில் சொல்லு. அங்கே இது டாக்குத்தர்மார் அறிந்த வருத்தம், வாய்வழியாகக் குழாய் விட்டுப் புழுவை எடுப்பார்கள். மறுத்தால் மரியாதையில்லை என்று இனியும் அந்தத் தட்டை வாங்காதே. தேவமாதா உன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. இதை இன்றைக்கே விமானத் தபாலில் போடுவேன்.
2. மாதம் முடியுமுன் பதில் வராவிட்டால் உன் பயிற்சி நிலையத்துக்குத் தந்தி அடிப்பேன், உனக்கு வெட்கமாக இருந்தாலும்.
3. அதுவரை அம்மா கேட்கிறபோதெல்லாம், அவனுக்கு வெறும் வாய்வுதான் என்று சொல்லுவேன். அவள் நம்பமாட்டாள். நானும் நம்பவில்லை.

உன் அப்பா,
பஸ்தியாம்பிள்ளை