படுத்துக் கிடக்கும் சிப்பாய்

1916, ஐப்பசி, வெள்ளி.

நானே ஈயத்தை உருக்கி வார்த்துக் காக்கி பூசிய சிப்பாய்களைப் பத்தமடைப் பாயில் படைக்கு ஒரு வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். பத்திரிகையின் போர்ச் செய்தியில் எந்தப் படைக்கு ஆட்சேதம் என்று வருகிறதோ, அந்த வரிசையைச் சாய்த்து வைப்பது என் வழக்கம். இன்று காலையிலும் ஒன்றைச் சாய்த்தேன்.

மோர் கொண்டுவந்த இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் மகன் பஸ்ரா போர்முனையில் சிப்பாய்.

“ஐயா, இதுல எம்மவன் எங்கன நிக்கான்?”

என் கைவேலையைக் காட்டும் பெருமையில், யோசிக்காமல் அவன் படையைக் காட்டிவிட்டேன். அதுதான் சாய்ந்து கிடந்த வரிசை.

அவள் ஒரு பொம்மையைக் கையில் எடுத்தாள். “ஏன்யா படுத்துக் கெடக்கான்?”

“தூங்குதான்ம்மா.”

பொம்மையைப் பைய அதே இடத்தில் படுக்க வைத்தாள்.

“எழுப்பிராதீய, ஐயா. அலுத்திருப்பான்.”

பாயைச் சுருட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவனைத் தொடக் கை வரவில்லை.