முற்றத்து வெந்நீர்

டிசம்பர் 18, வியாழன்

விடியலில் பனி. அறைக்குள் 22 டிகிரி. (ஓய்வுபெற்ற நாளில் வேதியியல் மாணவர்கள் தந்த வெப்பமானி. இன்னும் சரியாகக் காட்டுகிறது.)

நடை. ரேஷன். சிலிண்டர் பதிவு. விலை மறுபடி ஏற்றம். ஒற்றை ஆளுக்கே வெந்நீர் இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

மாலை, எதிர்ப் போர்ஷன் நெசவாளர் ஏகாம்பரம் வந்தார். நேற்றுக் காலை தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டியிருந்தபோது முற்றத்து விறகடுப்புப் புகை வெள்ளைப் பட்டில் படிந்துவிட்டதாம். முகூர்த்தப் புடவை. பாவு போடும் அன்று அடுப்பு வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு எழுதித் தர வேண்டும். நேரில் சொன்னால் சண்டையாகும், உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்றார். அடுப்பு பின் போர்ஷன் நூர்ஜஹானுடையது. மறுக்கத் தெரியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

மூன்று வரைவு. கடைசியில்: "பொது முற்றத்தில் எந்நேரமும், எக்காரணம் கொண்டும் விறகடுப்பு மூட்டக் கூடாது. இப்படிக்கு, குடியிருப்போர்."

மைதாப் பசை காய்ச்சிக் குழாயடிச் சுவரில் ஒட்டினேன். ஏகாம்பரம் படிக்கவில்லை. சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார். வரிகள் நேராக வந்திருந்தன. சிறு மகிழ்ச்சி. இதை எழுதவே வெட்கம்.

டிசம்பர் 22, திங்கள்

மூன்று நாளாகப் புகை இல்லை. கண் எரிச்சல் குறைவு.

குழாயடியில் என்னைப் பார்த்ததும் நூர்ஜஹான் பாதிக் குடத்தோடு போய்விட்டார். ஏன்? (தெரியும்.)

உள்ளே அவர் கணவர் காதர் பாய் இருமல். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஏழு மாதம். பேருந்து நிலையத்தருகே கடிகாரம் பழுது பார்த்தவர். என் கடிகாரத்துக்குக் காசு வாங்கியதே இல்லை.

டிசம்பர் 24, புதன்

மேகமூட்டம். 21.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். மூன்று கறுப்புப் பிளாஸ்டிக் குடங்கள், நிறைய நீர், மேலே தட்டு. வெயிலில் சூடாகட்டும் என்று வைத்தது. வெயிலே இல்லை. வெப்பமானி கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன்: 23. அப்போது நூர்ஜஹான் படியேறி வந்தார். திருடன்போல நின்றேன்.

கேட்டேன். சொன்னார். தினமும் வெந்நீரில் உடம்பு துடைத்து, விழுந்த பக்கத்துக்கு ஒத்தடம் தர வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். கேஸைச் சோற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டால்தான் அடுத்த சிலிண்டர் வாங்கும்வரை தாங்கும். கரண்டில் தண்ணீர் காய்ச்சும் கம்பிக்கு வீட்டு உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். மிச்சம் விறகு. அதுவும் இல்லாமல் ஐந்து நாளாகப் பச்சைத் தண்ணீர்த் துணி. பாய் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லையாம். பல் மட்டும் அடித்துக்கொள்ளுமாம்.

என் அடுப்பில் காய்ச்சித் தருகிறேன் என்றேன்.

"உங்க சிலிண்டரு மட்டும் தானா ரொம்புதா சார்? ஒரு நாளு வாங்கலாம். தெனமும் சொம்பைத் தூக்கிக்கினு வந்து நிக்க முடியுமா?"



டிசம்பர் 26, வெள்ளி

பாய்க்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி. இன்னும் குளிர் பட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஏகாம்பரத்திடம் சொல்ல வேண்டியவை: 1. நோயாளி. 2. மார்கழி முடியும்வரை மட்டும். 3. கோபிக்க வேண்டாம். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருமுறை அவர் வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை அவரே கூப்பிட்டார். தறியைவிட்டு எழாமல் கேட்டார்.

"இன்னா சார் இது. பாவு போடற அன்னிக்கு மட்டும் வேணாம்னுதானே சொன்னேன். மாசத்துல ஒரு நாளு, ரெண்டு நாளு. மொத நாளே நானே சொல்லிடறேன். பாய் மேல எனக்கு இன்னா காண்டு?"

அறிவிப்பில் அப்படி இல்லை என்றேன்.

"யாரு சார் எழுதுனது?"

எந்நேரமும், எக்காரணம் கொண்டும். இரண்டும் நான் சேர்த்தவை. வாக்கியம் நிறைவாக இருக்கட்டுமென்று. முப்பத்தோர் ஆண்டு பள்ளியில் சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை. அதற்கு எதிரில் மனிதர் வேண்டாம், ஒரு தாள் போதும்.

டிசம்பர் 27, சனி

5.10. பனி. 20.

திருத்திய அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் வரியில் எழுந்துவிட்டேன். பழையதை நகத்தால் சுரண்டினேன். பசையை நன்றாகக் காய்ச்சியிருக்கிறேன். பாதிதான் வந்தது.

நூர்ஜஹான் கதவைத் தட்டினேன். அடுப்பு மூட்டலாம், பாவு போடுவதை ஏகாம்பரம் முதல் நாளே சொல்லிவிடுவார், பிழை என்னுடையது என்றேன். கடைசிப் பகுதியை முணுமுணுத்தேன். திரும்பச் சொன்னேன்.

"அதையும் ஒரு காயிதத்துல எழுதி ஒட்டுங்க சார்."

சிரித்தாரா, தெரியவில்லை.

ஏகாம்பரம் உடைந்த தறிக்கட்டை இரண்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். கட்டை ஈரம். நான்தான் ஊதினேன். கண்ணெல்லாம் நீர். 6.05க்கு 47. பச்சைத் தண்ணீர் கலந்து 40. வாளியை நானே உள்ளே தூக்கிப் போனேன்.

பாய் இடது கையை நீரில் விட்டார். எடுக்கவில்லை.